நெருஞ்சி: ஆட்டின் வயிற்றில் ஒன்று, எலியின் வயிற்றில் வேறொன்று

தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட வெளியில் செம்மறி மேய்ப்பவர்களுக்கு நெருஞ்சி என்றாலே தலை வீங்கி, கண் மஞ்சளாகி, நிழல் தேடி ஓடும் ஆடுகள்தான் நினைவுக்கு வரும். ஜிம்முக்குப் போகிற இளைஞருக்கு அது டப்பாவில் வரும் ‘டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்’, ஆண் ஹார்மோனைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கும் சரக்கு. நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் அதே முள்ளைப் பொட்டலம் கட்டி, நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் கஷாயம் வைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். மூன்று இடத்திலும் பேசப்படுவது டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ் என்ற ஒரே செடி. தரையோடு படர்ந்து, ஐந்து இதழ் மஞ்சள் பூப் பூத்து, காய்ந்தால் ஐந்தாகப் பிளந்து செருப்பில் ஏறிக்கொள்ளும் சிறுநெருஞ்சி. யானை நெருஞ்சி இதில் சேராது. தண்ணீரில் அலசினால் தண்ணீரையே கொழகொழவென்று ஆக்கிவிடும் அந்தச் செடி வேறு குடும்பம், அதன் வேதியலும் வேறு.

ஒரு செடி ஓரிடத்தில் நஞ்சாகவும் இன்னோரிடத்தில் மருந்தாகவும் இருப்பதைக் கேட்டால் ‘அளவுக்கு மிஞ்சினால்’ என்று பழமொழியோடு முடித்துவிடுவது வழக்கம். நெருஞ்சி விஷயத்தில் அது பாதிப் பதில்தான். அளவைவிட, அது யார் வயிற்றுக்குள் போகிறது, அந்த வயிற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இது புரியாமல் ‘விலங்குகளில் நிரூபிக்கப்பட்டது’ என்ற வரியைப் படித்தால் எந்த விலங்கு, எந்த வழியில், எந்த ஊர்ச் செடி என்று கேட்கத் தோன்றாது.

ஆட்டிலிருந்தே தொடங்கலாம். கரூவில் இந்த நோய்க்குப் பெயர் கீல்டிக்கோப். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘மஞ்சள் தடித்தலை’ என்று பொருள். பார்த்ததை அப்படியே சொல்லும் பெயர். பிரிட்டோரியாவுக்கு அருகே ஆன்டர்ஸ்டபூர்ட் கால்நடை ஆய்வு நிலையத்தை நிறுவிய அர்னால்ட் தைலர் 1918-லேயே இதை நெருஞ்சியோடு சேர்த்து எழுதினார். அப்போதே ஒரு சிக்கல் கண்ணில் பட்டது. கரூ விவசாயிகளுக்கு நெருஞ்சி நல்ல தீவனம். மழை பெய்த சில நாட்களில் முளைத்து, வேறு பச்சை எதுவும் இல்லாத நிலத்தைப் பாய் விரித்தாற்போல் மூடிவிடும். மந்தை மாதக்கணக்கில் அதை மேய்ந்து கொழுக்கும். பிறகு ஒரு கோடையில், மழை நின்று வெயில் அடித்துச் செடி வாடும் வாரத்தில், அதே நிலத்தில் அதே மந்தை கொத்தாக விழும்.

நோயின் போக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் ஆடு தலையை உலுக்கும்; காதும் உதடும் சிவக்கும். வெயிலில் நிற்க முடியாமல் புதர் நிழலுக்கு ஓடும். ரோமம் இல்லாத முகம், காது, இமை எல்லாம் வீங்கித் தடிக்கும். பிறகு தோல் வெடித்து நீர் கசிந்து பொருக்குத் தட்டும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகும். பார்ப்பவர்கள் தோல் நோய் என்றுதான் நினைப்பார்கள். கோளாறு இருப்பது தோலில் இல்லை, பித்தநாளத்தில்.

தோலைச் சுடுவது எது என்பதை 1930-களில் ஆன்டர்ஸ்டபூர்ட்டில் குவினும் ரிமிங்டனும் கண்டுபிடித்தார்கள். புல்லின் பச்சையத்தை ஆட்டின் அசையூண் வயிற்று நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது பிலோஎரித்ரின் என்ற நிறமி உண்டாகிறது. இது எல்லா ஆட்டிலும் தினமும் நடப்பது. குடலிலிருந்து கொஞ்சம் ரத்தத்தில் ஏறும். கல்லீரல் அதைப் பிடித்துப் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். பித்தம் வடிவது தடைப்பட்டால் நிறமி ரத்தத்தில் தேங்கி, தோலடி நுண்குழாய்களுக்கு வந்துவிடும். அங்கே சூரிய ஒளி படும்போது அந்த ஆற்றலை உறிஞ்சி, சுற்றியுள்ள செல்களைச் சிதைக்கும். ஆட்டைச் சுடுவது அது தின்ற பச்சையமும் மேலே அடிக்கும் வெயிலும்தான். வழியை அடைத்தது மட்டும் நெருஞ்சி. நம்மூரில் உண்ணிச்செடி தின்ற மாடுகளுக்கும் இப்படித்தான் காமாலையும் தோல் வெடிப்பும் சேர்ந்து வருகின்றன. அங்கே பித்தத்தை நிறுத்தும் நஞ்சு வேறு, கடைசியில் தோலைத் தாக்கும் நிறமி இதேதான்.

அடைப்பு எப்படி வருகிறது என்பது வெளிவர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. இறந்த ஆடுகளின் கல்லீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோது பித்தநாளங்களுக்குள் படிகங்கள் தெரிந்தன. கொழுப்புப் படிகம் போலத்தான் இருந்தன, ஆனால் கொலஸ்டிராலாக இல்லை. 1980-இல் கெல்லர்மனும் அவருடைய சகாக்களும் நெருஞ்சியையும், வாடிய இலைதழையில் வளரும் ஒரு பூஞ்சையின் நஞ்சையும் சேர்த்துக் கொடுத்து நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். ஓகோ, பூஞ்சையும் கூட்டாளி போலிருக்கிறது என்று ஒரு கருத்து உருவானது. 1991-இல் அதே குழுவினர் நெருஞ்சியிலிருந்து பிரித்த சாப்போனினை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பூஞ்சை இல்லாமலே படிகமும் வந்தது, நோயும் வந்தது. 1994-இல் நியூசிலாந்து வேதியலாளர் மைல்ஸ் இவர்களோடு சேர்ந்து படிகத்தின் அமைப்பைச் சொன்னார்: எபிஸ்மைலஜெனின், எபிசார்சசபோஜெனின் என்ற இரண்டு ஸ்டீராய்டுகள் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைந்து கால்சிய உப்பாக மாறியவை.

பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, கதை எளிது. சாப்போனின் என்பது ஒரு ஸ்டீராய்டு எலும்புக்கூட்டில் சர்க்கரை மூலக்கூறுகள் தொங்கும் அமைப்பு. சீயக்காயை நுரைக்க வைப்பதும் சாப்போனின்தான், அதன் எலும்புக்கூடு மட்டும் சற்று வேறு. ஆட்டின் அசையூண் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைக் கடித்துத் தின்றுவிடுகின்றன. மிஞ்சிய எலும்புக்கூட்டிலும் கைவைத்து, ஒரு பிணைப்பைத் திருப்பிப் போட்டுவிடுகின்றன. சர்க்கரை போனதால் மூலக்கூறு எண்ணெயில் கரைகிறது, சுலபமாக ரத்தத்தில் ஏறுகிறது. கல்லீரல் வேண்டாத ஸ்டீராய்டு எதைக் கண்டாலும் செய்வதையே இங்கும் செய்கிறது: குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டிப் பித்தத்தில் வீசுகிறது. பித்தத்தில் கால்சியம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த உப்பு தண்ணீரில் கரையாது. அங்கேயே படிகமாகி நாளத்தை அடைத்துக்கொள்கிறது.

செடி தனியாக நின்றபோது இந்தப் படிகப் பொருள் அதில் கிடையாது. நுண்ணுயிரும் ஆட்டின் கல்லீரலும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்ததன் விளைவு அது. நெருஞ்சியே இல்லாத நார்வேயிலும் சதுப்பு நிலச் செடி ஒன்றின் சாப்போனினால் ஆட்டுக்குட்டிகளுக்கு இதே நோய் வருகிறது, இதே வகைப் படிகத்தோடு. கரூவில் செடி வாடும் வாரத்தில் மட்டும் மந்தை ஏன் விழுகிறது என்பதுதான் இன்னும் முழுக்க அவிழாத முடிச்சு. அதனால் மேய்ப்பவர்கள் கைக்கொள்ளும் வழி பழையதுதான். முதல் காது சிவந்ததும் மந்தையை அந்த நிலத்திலிருந்து வெளியேற்றி நிழலில் வைப்பார்கள். முறிவு மருந்து என்று தனியாக எதுவும் கிடையாது.

ஆஸ்திரேலியாவில் நெருஞ்சி இன்னொரு முகத்தையும் காட்டியது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கூனபராப்ரன் பகுதியில், வறட்சி நீண்டு, செம்மறிகள் மாதக்கணக்கில் நெருஞ்சியையே தின்று கிடந்தபோது, பின்னங்கால் தளர்ந்து ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி நடக்க ஆரம்பித்தன. இதில் காமாலையும் இல்லை, வீக்கமும் இல்லை. போர்க் என்ற ஆய்வாளர் 1980-களில் இதைப் பின்தொடர்ந்து, மூளையில் டோபமின் வேலை செய்யும் பாதையில் கோளாறு என்று காட்டினார். பிறகு செடியிலிருந்த ஹார்மேன், நார்ஹார்மேன் என்ற ஆல்கலாய்டுகளைச் சுட்டினார். அந்த ஆடுகள் தேறவில்லை.

சரி, ஹார்மோனுக்கு வருவோம்.

நெருஞ்சிச் சாப்போனின்களில் பேர்போனது புரோட்டோடயோசின். அதன் எலும்புக்கூடு டயோஸ்ஜெனின். இந்தப் பெயர் ஹார்மோன் வரலாற்றில் பெரிய பெயர். 1940-களில் ரசல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனினை எடுத்து, அதை புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றும் வழியைக் கண்டார். ஸ்டீராய்டு மருந்துகள் மலிவானதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் மார்க்கர் அதைச் செய்தது குடுவையில், அமிலமும் வெப்பமும் கொண்டு. மனித உடலில் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி கிடையாது. கிழங்கைத் தின்றால் புரோஜெஸ்டிரோன் வராது, நெருஞ்சி தின்றால் டயோஸ்ஜெனின் டெஸ்டோஸ்டிரோனாக மாறாது. சப்ளிமென்ட் விளம்பரங்களில் ‘இயற்கை ஸ்டீராய்டு முன்னோடி’ என்று வரும் வாசகம் இந்தக் குடுவைக்கும் குடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறது.

இந்த வியாபாரம் பல்கேரியாவில் தொடங்கியது. அங்கே சோபார்மா நிறுவனம் நெருஞ்சிச் சாற்றை டிரிபெஸ்டன் என்ற பெயரில் 1980-களில் விற்றது. அந்தக் காலத்தில் பளுதூக்குதலில் பல்கேரியர்களை மிஞ்ச ஆளில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டு, நெருஞ்சிதான் அவர்கள் ரகசியம் என்று ஒரு கதை அமெரிக்க ஜிம்களில் பரவியது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அவர்களில் இரண்டு பேரின் தங்கப் பதக்கம் பறிபோய், மொத்த அணியும் ஊருக்குத் திரும்பியதே, பிடிபட்ட மருந்து என்ன தெரியுமா? பியூரோசமைட், சிறுநீர் பெருக்கி. நம் வைத்தியர்கள் நெருஞ்சியை எதற்குக் கொடுக்கிறார்களோ, கிட்டத்தட்ட அந்த வேலை.

விலங்குகளில் ஹார்மோன் ஏறியது என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆய்வுகள் சிங்கப்பூரிலிருந்து வந்தவை. கௌதமன், அடைக்கன் ஆகியோர் எலி, முயல், குரங்கு மூன்றிலும் புரோட்டோடயோசின் நிறைந்த நெருஞ்சிச் சாற்றைக் கொடுத்து 2000-களில் தொடர்ந்து எழுதினார்கள். 2008-இல் வந்த கட்டுரையின்படி, குரங்குகளுக்கு எடையில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் கொடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் 52 சதவீதம் உயர்ந்தது. விளம்பரத்துக்கு இந்த எண் போதும். ஆனால் அந்தக் குரங்குகள் நெருஞ்சியைத் தின்னவில்லை. மருந்து நேராக ரத்தநாளத்தில் ஊசியாக ஏற்றப்பட்டது. 70 கிலோ மனிதருக்குக் கணக்குப் போட்டால் அரை கிராமுக்கு மேல் சாறு, வயிறும் குடலும் கல்லீரலும் முதலில் தொடாமல் ரத்தத்தில். சாப்போனின் மாதிரிப் பெரிய மூலக்கூறு வாய்வழியே போனால் குடலில் உறிஞ்சப்படுவது பொதுவாகச் சொற்பம். முயலுக்கும் எலிக்கும் வாய்வழியே 8 வாரம் கொடுத்தார்கள். முயலில் டெஸ்டோஸ்டிரோன் ஏறினாலும் புள்ளியியல்படி உறுதியானது, அதிலிருந்து உடலில் உண்டாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஆண் ஹார்மோனின் ஏற்றம் மட்டுமே. விதை நீக்கிய எலிகளில் டெஸ்டோஸ்டிரோன் 25 சதவீதம் கூடியது. விதை நீக்கிய எலியில் டெஸ்டோஸ்டிரோன் மிச்சமிருப்பதே துளி. அந்தத் துளியில் கால்வாசி கூடினால் சதவீதம் பெரிதாகத் தெரியும், எலிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

இதைச் சோதிக்க ஒரு நேர்மையான வழி உண்டு. விதை நீக்கிய எலியில் புரோஸ்டேட்டும் விந்துப்பையும் சுருங்கிவிடும். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் எதைக் கொடுத்தாலும் அவை மறுபடி வளரும். ஹார்மோனை ரத்தத்தில் தேடவே வேண்டாம், உறுப்பைத் தராசில் வைத்தால் போதும். மார்ட்டினோ-அன்ட்ராடியும் சகாக்களும் 2010-இல் இதைத்தான் செய்தார்கள். நெருஞ்சி கொடுத்த எலிகளில் இந்த உறுப்புகள் வளரவில்லை. கருப்பை நீக்காமல் சூலகம் மட்டும் நீக்கிய பெண் எலிகளில் கருப்பையும் வளரவில்லை. அதாவது பெண் ஹார்மோன் குணமும் இல்லை. ஒரே விதிவிலக்கு, முழு ஆண் எலிகளில் விந்தணு உற்பத்தி சற்றுக் கூடியிருந்தது, ரத்தத்தில் ஆண் ஹார்மோன் கூடாமலே. எனக்கு இந்த முடிவுதான் சிங்கப்பூர் எண்களைவிட சுவாரசியம். நெருஞ்சியால் இனப்பெருக்கத்தில் ஏதாவது பலன் இருந்தால் அது டெஸ்டோஸ்டிரோன் வழியே வர வேண்டியதில்லை என்று இது சொல்கிறது. சிங்கப்பூர்க் குழுவினரே முயல்களின் ஆண்குறித் தசையில் நைட்ரிக் ஆக்சைடு வழியே தளர்வு வருவதைக் காட்டியிருந்தார்கள். அந்தத் தடம் ஹார்மோனைவிட நம்பத் தகுந்தது.

மனிதர்களில் கதை இன்னும் சுருக்கம். 2005-இல், நெருஞ்சி வியாபாரத்தின் தாய்நாடான பல்கேரியாவிலேயே, நெய்ச்சேவும் மிட்டேவும் 21 இளைஞர்களை வைத்து 4 வாரம் சோதித்தார்கள். கூடியபட்ச அளவு தினம் கிலோவுக்கு 20 மில்லிகிராம், 70 கிலோ ஆளுக்கு 1.4 கிராம். டெஸ்டோஸ்டிரோனும் அசையவில்லை, அதைத் தூண்டும் எல்.எச். ஹார்மோனும் அசையவில்லை. 2007-இல் ஆஸ்திரேலிய ரக்பி வீரர்கள் 22 பேரிடம் 5 வாரம் பார்த்தபோது, நெருஞ்சி தின்றவர்களும் வெறும் மாத்திரை தின்றவர்களும் ஒரே அளவுதான் பலம் கூடினார்கள்.

அப்புறம் மீன் கதை ஒன்று இருக்கிறது. துருக்கியில் கப்பி மீன் குஞ்சுகளையும் சிக்லிட் குஞ்சுகளையும் நெருஞ்சிச் சாறு கலந்த தண்ணீரில் விட்டார்கள். வளர்ந்தபோது ஆண்கள் அதிகமாயின. இதையும் ஆண்மைக்குச் சான்று என்று யாராவது எடுத்துப் போடலாம். ஆனால் பல மீன்களில் பால் என்பது குஞ்சுப் பருவத்தில் லேசான உந்துதலில் திரும்பிவிடும் விஷயம். சில இனங்களில் தண்ணீரின் சூடே அதைத் திருப்பும். அலங்கார மீன் வியாபாரிக்கு நிறமான ஆண் மீன் கூடுதல் லாபம், அவருக்கு இது பயன்படலாம். வயது வந்த மனிதனைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை.

இவ்வளவிலும் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒரு விவரம், செடி எந்த ஊர் என்பது. 2008-இல் டின்செவ் குழுவினர் பல்கேரியா, துருக்கி, ஈரான் தொடங்கி வியட்நாம், இந்தியா வரை பல நாட்டு நெருஞ்சியின் சாப்போனின்களை அளந்தார்கள். பல்கேரியச் செடியில் இருக்கும் புரோட்டோடிரிபெஸ்டினும் டிரிபெஸ்டினும் இந்திய, வியட்நாமியச் செடிகளில் இல்லை. அதற்குப் பதிலாக டிரிபுலோசின் என்ற வேறொரு சாப்போனின் நிறைய இருந்தது. பல்கேரிய ஆய்வின் பெயரைப் போட்டு உள்ளூர் முள்ளை அரைத்து விற்கும் டப்பாவில் எதை எதிர்பார்ப்பது? அந்த ஆய்வே நல்ல முடிவைச் சொல்லியிருந்தாலும் இந்தச் செடிக்கு அது பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

நம் வைத்தியர்கள் ஆண்மைக்கும் நெருஞ்சியைச் சொன்னார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதிகம் கொடுத்தது சிறுநீர்க் கோளாறுக்கு. நெருஞ்சில் குடிநீர் என்ற சித்த மருந்தே அதற்காக இருக்கிறது. விலங்காய்வுகளிலும் நெருஞ்சி கால் ஊன்றி நிற்பது இந்தப் பக்கம்தான், சில எச்சரிக்கைகளோடு. 2003-இல் வந்த ஓர் ஆய்வில் எலிகளுக்கு நெருஞ்சி நீர்ச் சாறு கொடுத்தபோது பியூரோசமைடைவிடச் சற்று அதிகமாகவே சிறுநீர் பிரிந்தது. ஆனால் கொடுத்த அளவு கிலோவுக்கு 5 கிராம். எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற மருந்தியலில் வழக்கமாக 6.2-ஆல் வகுப்பார்கள், சிறிய உடலின் வளர்சிதை வேகம் அதிகம் என்பதால். அப்படிக் குறைத்தாலும் 70 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 56 கிராம் சாறு. முள் இல்லை, சாறு! மாத்திரை வடிவில் வரும் அரை கிராமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று சண்டிகரிலிருந்து வந்தது, 1994-இல். சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானது கால்சியம் ஆக்சலேட். அந்த ஆக்சலேட்டில் ஒரு பங்கை நம் கல்லீரலே தயாரிக்கிறது. கிளைகோலேட் ஆக்சிடேஸ் என்ற நொதி அந்தப் பாதையில் ஒரு கட்டத்தை நடத்துகிறது. எலிகளுக்கு சோடியம் கிளைகோலேட் கொடுத்து ஆக்சலேட்டை ஏற்றி, கூடவே நெருஞ்சியும் கொடுத்தார்கள். சிறுநீரில் ஆக்சலேட் இறங்கியது, கல்லீரலில் அந்த நொதியின் செயலும் குறைந்தது. அதே குழுவினரின் முந்தைய ஆய்வில், நெருஞ்சியை நிறுத்திய பிறகும் சில நாட்கள் ஆக்சலேட் ஏறாமல் நின்றது. கல்லைக் கரைக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதைவிட இது எவ்வளவோ துல்லியமான செய்தி. கல் உருவாகும் சரக்கையே கல்லீரலில் குறைக்கிறது, குறைந்தபட்சம் எலியில்.

அந்த நொதிக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. பிறவியிலேயே ஆக்சலேட் மிகையாகச் சுரக்கும் அரிய நோய்க்கு 2020 நவம்பரில் அமெரிக்க மருந்து ஆணையம் லுமாசிரான் என்ற ஊசி மருந்தை அனுமதித்தது. அது வேலை செய்யும் விதம், கல்லீரலில் கிளைகோலேட் ஆக்சிடேஸ் உருவாகாமல் தடுப்பது. சண்டிகர் எலிகளில் நெருஞ்சி தொட்ட அதே நொதி.

நெருஞ்சியில் பணம் போட்டு ஆராய்வதென்றால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன், டெஸ்டோஸ்டிரோனை அல்ல. உள்ளூர்ச் செடியை எடுத்து, அதில் என்ன சாப்போனின் எவ்வளவு என்று முதலில் அளந்து, அடிக்கடி கல் வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கஷாயத்தையும் மீதிப் பேருக்கு அதே அளவு வெறும் நீரையும் கொடுத்து, 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து ஆக்சலேட்டை அளக்க வேண்டும். இரண்டாவது குழுவுக்கும் அதே அளவு நீர் கட்டாயம், ஏனென்றால் நிறையத் தண்ணீர் குடிப்பதே கல்லுக்கு மருந்து. கல்லீரல் நொதிகளையும் கூடவே பார்த்துக்கொண்டால் ஆட்டுக்கு நடந்ததற்கும் காவல் போட்டதாகிவிடும். இதற்குத் தேவையான சோதனைகள் எந்த மாவட்டத் தலைநகரிலும் நடக்கக்கூடியவை.